‘உன்னைப் பத்திச் சொல்லு!’ - இன்டர்வியூ அறையில் கரிசல் தலைமுறை

மணியாச்சி ஜங்ஷனில் காலை பாசஞ்சருக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் சிலரைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். இஸ்திரி மடிப்பு கலைந்துவிடும் என்று பெஞ்சில் உட்காராமல் நிற்பார்கள். கையில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். அதற்குள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரை வரிசையாக அடுக்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை என்றால் கூடவே ஒரு கேரிபேக்கும் உண்டு. அதில் ஷூ. ராத்திரி மழை பெய்த கரிசல் பாதையில் நாலு எட்டு வைத்தால் போதும், சகதி அடை அடையாக அப்பிக்கொண்டு கால் தூக்க வராது. அதனால் செருப்போடு ஸ்டேஷன் வரை வந்து, குழாயடியில் காலைக் கழுவி, அங்கேயே ஷூ மாட்டிக்கொள்வார்கள்.

வழியனுப்ப வந்த அம்மா மகளின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, “ஏட்டி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, படபடன்னு பேசாத” என்கிறார். மகளின் கண் செல்போனில் இருக்கிறது, உதடு மட்டும் அசைகிறது. “மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். மை மதர் இஸ் எ ஹோம்மேக்கர். மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்டு ஒர்க்...”

இந்த வட்டாரத்தில் எந்தக் கல்லூரி வாசலில் கேட்டாலும் இதே மூன்று வரிதான் கிடைக்கும். சீனியரிடமிருந்து ஜூனியருக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேரும் வரிகள் அவை. அந்த அம்மா விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போய் மக்காச்சோளக் கதிர் ஒடிக்கிறவர். வேலை இல்லாத நாளில் தீப்பெட்டிக் கட்டு ஒட்டுகிறவர். மகள் மனப்பாடம் செய்யும் வாக்கியத்தில் அவர் வீட்டில் சும்மா இருக்கிறார்.

கரிசல் பிள்ளைகளுக்கு இன்டர்வியூவில் நேரும் நஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சொல்வதற்கு அவர்களிடம் நிறைய இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

மூன்று திசையிலும் ஆளெடுப்பு

1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட ஜங்ஷன் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு மணியாச்சியைத் தெரியும். அவரைச் சுட்ட வாஞ்சிநாதன் பெயரையும் சேர்த்துக்கொண்டு அது வாஞ்சி மணியாச்சி ஆனது. இன்று இந்த ஊரிலிருந்தும் சுற்றியுள்ள பசுவந்தனை, ஓட்டப்பிடாரம், கயத்தாறு, கடம்பூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் கிளம்புகிற பிள்ளைகளுக்கு அது வேறு வகையில் முக்கியமான இடம். இங்கிருந்து பிரியும் மூன்று பாதையிலும் ஆள் எடுக்கிறார்கள்.

தெற்கே நாரைக்கிணறு தாண்டினால் கங்கைகொண்டான். அங்குள்ள சிப்காட்டில் டாடா பவர் நிறுவனத்தின் 4.3 கிகாவாட் திறனுள்ள சோலார் செல், மாட்யூல் தொழிற்சாலையை 2025 பிப்ரவரி 6 அன்று முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். கிழக்கே தூத்துக்குடி சில்லாநத்தத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சார கார் தொழிற்சாலை வந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 25ல் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4ல் திறந்துவிட்டார்கள். முதல் கட்டத்தில் வருடத்துக்கு 50,000 கார்கள், 3,000 முதல் 3,500 பேருக்கு வேலை என்று அறிவித்திருக்கிறார்கள். வடக்கே கோவில்பட்டியில் நூற்பாலைகளும், 1984ல் தொடங்கிய நேஷனல் இன்ஜினீயரிங் கல்லூரியும், மற்ற கல்லூரிகளின் கேம்பஸ் இன்டர்வியூக்களும் இருக்கின்றன.

இதற்கு முன் வேலை என்றால் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் எழும்பூரில் இறங்க வேண்டும். இல்லையென்றால் திருப்பூர், கோயம்புத்தூர். இப்போது இன்டர்வியூ முடித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் தூரத்தில் கம்பெனிகள் வந்துவிட்டன. வீட்டுப் பெரியவர்கள் சென்னைக்கு அனுப்ப யோசித்த பெண்பிள்ளைகளுக்கு இது பெரிய திறப்பு. அப்படி வாய்த்த கதவுக்கு முன்னால் போய் நின்று, வாட்ஸ்அப் வரிகளை ஒப்பித்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள் என்பதுதான் வேதனை.

கேள்வி கேட்காத காலம்

அப்பா, தாத்தா தலைமுறைக்கு இன்டர்வியூ கிடையாது. மில்லில் வேலை வேண்டுமென்றால் மில்லில் இருக்கும் சொந்தக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தீப்பெட்டி ஆபீஸுக்கு அதுவும் வேண்டாம், கை ஓடினால் சரி. அரசு வேலை என்றால் பரீட்சை. இந்தப் பழக்கத்தால் வீட்டில் யாருக்கும் இன்டர்வியூ அறை எப்படி இருக்கும் என்று தெரியாது, சொல்லித்தர ஆளில்லை. கோவில்பட்டியில் அரசுத் தேர்வுக்குப் படிக்கப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன, நூலகத்தில் நாள் முழுக்கத் தவம் கிடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நேர்முகத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடு கல்லூரி வளாகத்துக்கு வெளியே இல்லை.

இதற்குள் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. அரசு வேலைகளில் நேர்முகம் சுருங்கிக்கொண்டே வருகிறது, தனியாரில் அது இல்லாத வேலையே இல்லை.

■ எங்கே உண்டு, எங்கே இல்லை?

● ஒன்றிய அரசின் குரூப் ‘சி’ பணிகளுக்கும், கெஜட்டட் அல்லாத குரூப் ‘பி’ பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வு கிடையாது.
● டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பணிகளுக்கு எழுத்துத் தேர்வு மட்டுமே. குரூப் 2 பணிகளுக்கு இருந்த நேர்முகத் தேர்வும் 2024ல் நீக்கப்பட்டது. குரூப் 1 பணிகளுக்கு உண்டு.
● யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வில் மொத்தம் 2,025 மதிப்பெண். அதில் 275 நேர்முகத்துக்கு. அந்த நேர்முகத்தைத் தமிழிலும் சந்திக்கலாம்.
● தொழிற்சாலை, வங்கிசாரா நிதி நிறுவனம், மருத்துவமனை, தனியார் பள்ளி, ஐ.டி. என எல்லா இடத்திலும் கடைசிக் கதவு இன்டர்வியூதான்.

மனப்பாடம் உடையும் இடம்

ஓர் அறையைக் கற்பனை செய்துகொள்வோம். டிப்ளமோ முடித்த பையன் ஒருவன். பயோடேட்டாவில் ‘தானியங்கி சொட்டுநீர்ப் பாசனம்’ என்று ப்ராஜெக்ட் எழுதியிருக்கிறான். மண்ணில் ஈரம் குறைந்தால் சென்சார் சொல்லும், மோட்டார் தானாக ஓடும்.

“சென்சாரை எவ்வளவு ஆழத்துல வச்சே, தம்பி?”

பையன் முழிக்கிறான். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய பெட்டி அது. சென்சார் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்த மண்ணில் குத்தியிருந்தது.

“உங்க ஊரு மண்ணு என்ன மண்ணு?”

“கரிசல் சார்.”

“கோடையில அது என்ன ஆகும்?”

இந்தக் கேள்விக்குப் பதில் அவனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். சித்திரையில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். காலை உள்ளே விட்டால் முழங்கால் வரை போகும் வெடிப்பை அவன் சின்ன வயதில் தாண்டி விளையாடியிருக்கிறான். மண் சுருங்கி விலகினால் சென்சாருக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று புகும், அளவு தப்பாகக் காட்டும். வெளிநாட்டுச் செம்மண் வயலுக்கு எழுதிய கணக்கு நம் காட்டுக்கு ஒத்துவராது. இதைச் சொல்லியிருந்தால் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அவன் சொல்லவில்லை. ஊர்ச் சங்கதியை இங்கிலீஷ் அறையில் பேசக் கூடாது என்று நினைத்து, “சாரி சார்” என்று தலையைக் குனிந்துகொண்டான்.

இன்டர்வியூ எடுப்பவர் முதலில் தேடுவது இங்கிலீஷை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கஸ்டமரோடு பேசும் வேலைக்கு அது வேண்டும்தான். உற்பத்திப் பிரிவில், பராமரிப்பில், ஸ்டோரில், தரப் பரிசோதனையில் அவர் பார்ப்பது வேறு. எழுதிக்கொடுத்ததை இவன் உண்மையாகவே செய்தானா? ஒன்று கெட்டுப்போனால் என்ன செய்வான்? தெரியாததைத் தெரியாது என்று சொல்வானா? இந்த மூன்றையும் துருவிப் பார்க்கத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். மனப்பாடம் இரண்டாவது கேள்வியிலேயே உடைவதற்குக் காரணம் அதுதான்.

ஆங்கிலத்தில் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசலாம். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம். “சார், இதை மட்டும் தமிழ்ல சொல்லட்டுமா?” என்று அனுமதி கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. தப்பும் தவறுமாகச் சொன்ன ஒரு நிஜ அனுபவத்துக்கு, தங்குதடையில்லாமல் ஒப்பித்த நாலு பத்தியை விட மதிப்பு அதிகம்.

தீப்பெட்டி ஆபீஸும் அனுபவம்தான்

பயோடேட்டாவில் ‘அனுபவம்: இல்லை’ என்று எழுதுகிற பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேச்சுக்கொடுத்துப் பாருங்கள். கல்லூரி லீவில் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டியிருப்பார்கள். ஒரு பண்டலுக்கு 600 பெட்டி. கட்டுக்குக் கூலி. மருந்து சரியாக ஒட்டாத குச்சி, உரசும் பக்கம் தேய்ந்த பெட்டி எல்லாம் தள்ளுபடி, அதற்குக் கூலி கிடையாது. கண்ணும் கையும் ஒன்றாக ஓடி, கழிவு குறைத்து, நாள் கணக்கு எழுதி, சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பிள்ளைகள் அவர்கள். சோலார் மாட்யூல் தொழிற்சாலையில் கண்ணாலேயே குறை கண்டுபிடிக்கும் வேலைக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல அனுபவம் எங்கிருந்து வரும்?

கடலை மிட்டாய்க் கடையில் பொட்டலம் போட்டவன், மாமா பலசரக்குக் கடையில் கல்லாவில் இருந்தவன், அப்பாவின் மினி டெம்போவில் லோடு கணக்குப் பார்த்தவன், ஆட்டுக்குட்டிகளுக்கு ஊசி போடும் நாள் மறக்காமல் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனவள்... யாருமே இதைச் சொல்வதில்லை.

சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. என்ன நிலைமை, நான் என்ன செய்தேன், அதனால் என்ன ஆனது, இந்த மூன்றும் ஒரு நிமிடத்துக்குள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “ரெண்டு வருஷம் லீவுல தீப்பெட்டி யூனிட்ல பேக்கிங் பார்த்தேன் சார். ஆரம்பத்துல நிறைய ரிஜெக்ட் ஆச்சு. கட்டுறதுக்கு முன்னால தனித்தனியா பிரிச்சு வச்சுட்டு அப்புறம் கட்ட ஆரம்பிச்சேன். ரிஜெக்ட் குறைஞ்சது. என்னோட இருந்த ரெண்டு பேருக்கும் அதே மாதிரி சொல்லிக் குடுத்தேன்.” அவ்வளவுதான். உழைப்பாளி என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் அது வெளிப்பட்டுவிடுகிறது. எண்ணிக்கை நினைவிருந்தால் எண்ணிக்கையோடு சொல்லலாம். நினைவில்லாத எண்ணை மட்டும் அடித்துவிடக் கூடாது, அடுத்த கேள்வியே அதன் மேல்தான் வரும்.

‘உன் பலவீனம் என்ன?’ என்பதற்கும் ஊரெல்லாம் ஒரே பதில்: ‘ஐ யம் எமோஷனல்’. கேட்டுக் கேட்டு அவர்களுக்கே சலித்திருக்கும். எக்செல் தெரியாது, இப்போது கற்கிறேன் என்று சொல்லலாம். கூட்டத்தில் பேசத் தயங்குவேன், அதனால் கல்லூரியில் வரவேற்புரை கேட்டு வாங்கிப் பேசினேன் என்று சொல்லலாம், அது நடந்திருந்தால்.

பெயரிலேயே ஒரு முட்டுக்கட்டை

தேறிய பிறகும் வேலை கையை விட்டுப் போவது காகிதத்தில். முத்துமாரி என்று ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். மார்க் ஷீட்டில் பெயரில் ‘டி’க்குப் பின்னால் ஓர் ‘ஹெச்’ இருக்கும், ஆதாரில் இருக்காது. ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், பான் கார்டில் இனிஷியலுக்குப் பதிலாக அப்பாவின் முழுப் பெயர். கம்பெனியின் ஆன்லைன் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு, இரண்டாவதைக் காலியாக விட்டால் நகர மாட்டேன் என்கிறது. இனிஷியலோடு வாழும் நம் ஊருக்கு அந்தப் படிவம் பொருந்தவே இல்லை.

பி.எஃப். கணக்கு தொடங்கும்போது பெயர் ஒத்துப்போகாவிட்டால் அலைச்சல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்தையே அடிப்படையாக வைத்து ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ள வேண்டும். இதை இன்டர்வியூ கடிதம் வந்த பிறகு செய்ய முடியாது. கடைசி செமஸ்டரிலேயே இ-சேவை மையத்துக்கும் ஆதார் மையத்துக்கும் ஒரு நடை போய்விட வேண்டும். பள்ளிகள் பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலை அனுப்பும்போதே பெற்றோரைக் கூப்பிட்டு ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் தப்பிப்பார்கள்.

■ முதல் நாள் ராத்திரி

● ஒரிஜினல் ஒரு ஃபைல், ஜெராக்ஸ் இரண்டு செட் வேறு ஃபைல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பேனா. ஒரிஜினலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது.
● சட்டை புதிதாக இருக்க வேண்டியதில்லை, துவைத்து இஸ்திரி போட்டிருந்தால் போதும். வெயில் காலத்தில் பருத்தி. ஷூ புதிதென்றால் நாலு நாள் முன்பே போட்டு நடந்து பழக வேண்டும்.
● சிப்காட் கேட் எந்தப் பக்கம், ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ உண்டா, நடையா என்று முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும். ஊர் பஸ் ஒன்று தவறினால் அடுத்தது எப்போது என்பது உங்களுக்கே தெரியும்.
● கம்பெனி என்ன செய்கிறது, எங்கே இன்னொரு ஆலை இருக்கிறது, நீங்கள் விண்ணப்பித்த வேலை என்ன என்பதை ஐந்து வரியில் கையால் எழுதிப் பார்க்க வேண்டும்.
● ஆன்லைன் இன்டர்வியூ என்றால் சிக்னல் கிடைக்கும் இடம் எது என்று அதே நேரத்தில் முதல் நாளே சோதிக்க வேண்டும். ஊரில் கோயில் கொடை நடக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் ஸ்பீக்கர் கட்டினால் வீட்டுக்குள் ஒன்றும் கேட்காது. பக்கத்து ஊர் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது.
● காலையில் சாப்பிடாமல் போகாதீர்கள். வரிசை மத்தியானத்தைத் தாண்டும்.

“கல்யாணம் எப்போ?”

பையன்களிடம் கேட்காத கேள்வி ஒன்று பெண்களிடம் தவறாமல் வருகிறது. “கல்யாணம் ஆனா வேலையை விட்டுருவியா?” பக்கத்து நாற்காலிப் பையனுக்கும் கல்யாணம் ஆகத்தான் போகிறது. அவனிடம் யாரும் கேட்பதில்லை. பெண் என்பதற்காக ஆளெடுப்பில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976ம் ஆண்டு சம ஊதியச் சட்டமே சொல்லிவிட்டது. ஐம்பது வருடமாகியும் அந்தக் கேள்வி மேஜையை விட்டு இறங்கவில்லை.

அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் இருபத்தொரு வயதுப் பெண்ணிடம் சட்டம் பேசு என்று சொல்வது சுலபம். வேலை வேண்டும் அவளுக்கு. “எங்க வீட்ல வேலைக்குப் போறதுக்குச் சம்மதிச்சுத்தான் அனுப்பியிருக்காங்க சார். ஷிஃப்ட் பஸ் எங்க ஊர் வரைக்கும் வருமான்னு மட்டும் தெரிஞ்சுக்கணும்” என்று பேச்சை வேலைப் பக்கம் திருப்பிவிடலாம். ராத்திரி ஷிஃப்ட் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவெடுத்துவிட்டுப் போவதும் அவசியம். அறையில் ‘சரி’ என்றுவிட்டு, ஆர்டர் வந்த பிறகு வீட்டில் மறுத்தால், அடுத்த வருடம் அதே ஊரிலிருந்து வரும் பெண்ணின் மேல் அந்தப் பழி விழுகிறது.

இன்னொரு கேள்வி இதைவிட மென்மையாக வரும். “எந்த ஊருப்பா?” ஊர் பெயர் சொன்னதும், “ஊர்ல எந்தப் பக்கம்?” தென் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது எதற்கான விசாரணை என்று விளக்க வேண்டியதில்லை. அப்பா பெயர், குலதெய்வக் கோயில், படித்த பள்ளி என்று சுற்றி வளைத்து வேறெதையோ தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள்.

இது மனப்பிரமை இல்லை. சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. 2007ல் வெளியான அந்த ஆய்வின்படி, உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியத்தோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அறைக்குள் நுழைவதற்கு முன்பே நடக்கும் கழிப்பு இது. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமேன் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஆளெடுக்கும் மேலாளர்கள் திறமைதான் முக்கியம் என்று சொல்லிக்கொண்டே ‘குடும்பப் பின்னணி’யைக் கட்டாயம் கேட்பதாகச் சொன்னார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி அந்தக் கேள்விக்கு என்ன சொல்வான்? நன்றாகத் தயாராகி வா என்று அவனிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நியாயம் ஆகாது.

சரியாக நடத்தும் வழி ஒன்றும் ரகசியமில்லை. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இரு உளவியலாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து 1998ல் எழுதிய கட்டுரையை மனிதவளத் துறை படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, பதிலுக்கு அப்போதே மதிப்பெண் போட்டால், யார் நன்றாக வேலை செய்வார்கள் என்பதை அரட்டை போல நடத்தும் இன்டர்வியூவை விடக் கூடுதலாகக் கணிக்க முடிகிறது. 2022ல் இந்தக் கணக்குகளைத் திரும்பச் சரிபார்த்த பால் சாக்கெட் குழுவும் அப்படிப்பட்ட இன்டர்வியூவைத்தான் முதலிடத்தில் வைத்தது. ‘எந்தப் பக்கம்’ என்று கேட்பதை நிறுத்தினால் கம்பெனிக்கே நல்ல ஆள் கிடைப்பார்.

ஆர்டரைக் கையில் வாங்கும் முன்

‘செலக்ட் ஆயிட்டே’ என்ற சந்தோஷத்தில் எதையும் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகு முதல் மாதச் சம்பளம் வந்ததும் ஏமாந்துவிட்டோம் என்று வேலையை விடுகிறார்கள். கடைசியில் ‘உனக்கு எதுவும் கேட்கணுமா?’ என்பார்கள். அந்த வாய்ப்பை “நோ சார்” என்று வீணாக்கக் கூடாது. மூன்று கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும். கம்பெனி ரோலா, காண்ட்ராக்டா, அப்ரண்டிஸா? கையில் எவ்வளவு வரும்? பஸ், கேன்டீன், ஹாஸ்டலுக்குப் பிடித்தம் உண்டா? அப்ரண்டிஸ் என்றால் பயிற்சிக் காலம் முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இது தெரியாமல் ஒரு வருடத்தைக் கழித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

■ பேக்கேஜ் வேறு, கைக்கு வருவது வேறு

ஓர் உதாரணக் கணக்கு. மாதச் சம்பளம் 18,000 ரூபாய், அதில் அடிப்படை 15,000.

● பி.எஃப். பிடித்தம் அடிப்படையில் 12 சதவிகிதம்: 1,800 ரூபாய்
● இ.எஸ்.ஐ. பிடித்தம் 0.75 சதவிகிதம்: 135 ரூபாய்
● கைக்கு வருவது: 16,065 ரூபாய் (கேன்டீன், பஸ் பிடித்தம் தனி)
● கம்பெனி தன் பங்காகக் கட்டுவது: பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 585 ரூபாய்

இவை எல்லாவற்றையும் கூட்டி, மாதம் 20,385 என்று சி.டி.சி. (கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) கணக்கில் எழுதி, ‘வருஷம் இரண்டரை லட்சம் பேக்கேஜ்’ என்று சொல்வார்கள். பி.எஃப். உங்கள் பணம்தான், எங்கேயும் போகவில்லை. 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவப் பாதுகாப்பு பெரிய பலம். வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு மட்டும் 16,065ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள்.

தவறிப்போன பிறகு

இரண்டு, மூன்று இடத்தில் தவறினால் ஊரில் பேச்சு ஆரம்பித்துவிடும். ‘இன்ஜினீயரிங் படிச்சுட்டு சும்மா இருக்கான்’. படிக்க வைக்க வாங்கிய கடனுக்கு வட்டி ஓடும். பெண் என்றால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பல பையன்கள் இதனாலேயே அடுத்த இன்டர்வியூ இருப்பதை வீட்டில் சொல்வதில்லை. சொல்லாமல் போய், தனியாகத் தோற்றுத் திரும்புகிறார்கள். ஏன் எடுக்கவில்லை என்று கம்பெனியும் சொல்வதில்லை. ‘தகவல் சொல்றோம்’ என்ற அந்த ஒற்றை வார்த்தையை நம்பி மாதக்கணக்கில் வேறெங்கும் விண்ணப்பிக்காமல் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் பொறுத்து ஒரு போன், அதற்கும் பதிலில்லை என்றால் அடுத்த விண்ணப்பம் என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த மனநிலையில் இருப்பவனிடம்தான் புரோக்கர் வருகிறார். 2022ல் வெளிவந்த மோசடியை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டிலிருந்து போன 28 பேர் அந்த ஆண்டு ஜூன், ஜூலையில் புதுடெல்லி ரயில் நிலையத்தில் தினமும் எட்டு மணி நேரம் நின்று, வந்து போகும் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணினார்கள். டி.டி.இ., கிளார்க் வேலைக்கான பயிற்சி என்று நம்ப வைத்திருந்தார்கள். தலைக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை, மொத்தம் 2.67 கோடி ரூபாய் போனது. ஏமாந்தவர்களில் இன்ஜினீயரிங் படித்தவர்களும் உண்டு. இப்படிப்பட்ட பணிகளுக்கு ரயில்வே நேர்முகமே நடத்துவதில்லை என்ற ஒரு தகவல் தெரிந்திருந்தால் அத்தனை குடும்பமும் தப்பியிருக்கும். யூனிஃபார்முக்கு, மெடிக்கலுக்கு, டெபாசிட்டுக்கு என்று ஆர்டருக்கு முன்னால் பணம் கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிட வேண்டும்.

பணம் கட்டாமல் போக வழி இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துகிறது, கட்டணம் கிடையாது. ஒரே நாளில் நாலைந்து கம்பெனிகளிடம் பேசிப் பழகலாம். வேலை கிடைக்காவிட்டாலும் அந்தப் பழக்கத்துக்காகவே போகலாம். தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளத்தில் பதிவு செய்வதும் இலவசம். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கல்லூரியிலேயே திறன் பயிற்சி தருகிறார்கள்.

ஊருக்குள்ளேயும் ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு பெரிய கிராமத்திலும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், வங்கி மேலாளர், தலைமையாசிரியர், மில் சூப்பர்வைசர் என்று யாராவது இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து நூலகத்தில் ஒரு மேஜை, நாலு நாற்காலி போட்டு, வரிசையாகப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் போதும். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் முகத்தைப் பார்த்து முதல்முறை பேசும்போது வரும் நடுக்கம் கம்பெனி வாசலுக்குப் போவதற்கு முன்பே ஊர் நூலகத்தில் தீர்ந்துவிடும்.

இந்த மண்ணில் இடம் வாங்கி, இந்த ஊர்ப் பிள்ளைகளை நம்பி ஆலை தொடங்கியிருக்கும் நிறுவனங்களிடம் கேட்பதற்கும் சில உண்டு. உற்பத்திப் பிரிவு இன்டர்வியூவைத் தமிழில் நடத்துங்கள். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், யாருடைய ரோல் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே தமிழில் அச்சிடுங்கள். முடிவை ஏழு நாளுக்குள் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். எடுக்கவில்லை என்றால் எதில் குறை என்று ஒரே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் பசுவந்தனையிலிருந்து வந்த பெண் அடுத்த முறை எதைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.